டிஸ்க் இல்லாத கணினிகள்: கேட்டவையும் என் பதில்களும்

ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகளை நெட்வொர்க் வழியாக ஓட்டுவது என் அன்றாட வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் மாணவன். டிஸ்கே இல்லாத கணினியை ஆன் செய்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

நெட்வொர்க் கார்டுதான், தம்பி. அதிலோ மதர்போர்டிலோ பிஎக்ஸ்இ என்ற சின்ன நிரல் பதிந்திருக்கும். கரன்ட் வந்ததும் அது "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். டிஎச்சிபி சர்வர் ஐபி முகவரி கொடுத்துவிட்டு, எந்த சர்வரிடம் எந்த ஃபைலைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லும். அந்த ஃபைல், டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் வரும் பூட்லோடர், அதாவது இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல். அது இயங்குதளத்தின் மையமான கர்னலை இறக்கும். கர்னல் எழுந்ததும் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் (வேறு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் தன்னுடையதுபோல் பயன்படுத்தும் முறை) மூலம் தன் ரூட்டாக, அதாவது எல்லா ஃபைல்களுக்கும் அடித்தளமான ஃபோல்டராக எடுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லாம் வழக்கம்போலத்தான்.

இது புதிய யோசனை இல்லை. டிஸ்க் யானை விலை விற்ற 1980களிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் டிஸ்க் இல்லாத கணினிகளை விற்றது. என்எஃப்எஸ்ஸும் அவர்கள் 1984-ல் கொண்டுவந்ததுதான்.

கேள்வி: திரையில் 'பிஎக்ஸ்இ-இ51' என்று வந்து நின்றுவிடுகிறது. ஆனால் அதே கேபிளில், யுஎஸ்பி மூலம் லினக்ஸை ஓட்டினால் முகவரி கிடைத்துவிடுகிறது. எதில் கோளாறு?

டிஎச்சிபி-யிடமிருந்து பதிலே வரவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம். ஸ்பானிங் ட்ரீ என்ற வளையத் தடுப்பு முறை இயங்கும் போர்ட், இணைப்பு வந்ததும் உடனே திறக்காது. நெட்வொர்க்கில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க 15 விநாடி, முகவரிகளைக் கற்றுக்கொள்ள 15 விநாடி என்று மொத்தம் 30 விநாடி எடுத்துக்கொள்ளும். பல கார்டுகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கணினிகள் செருகிய போர்ட்களில் மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' அல்லது 'எட்ஜ் போர்ட்' என்ற அமைப்பைப் போடுங்கள்.

இதே தொல்லை வேறு வேஷத்திலும் வரும். பிஎக்ஸ்இ ஒழுங்காக முடிந்து கர்னலும் இறங்கிவிடும். கர்னலின் டிரைவர் கார்டை ரீசெட் செய்யும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து, அந்த 30 விநாடி மறுபடி தொடங்கும். முதல் முறை இதில் சிக்கியபோது இரண்டு நாள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: எங்கள் ரவுட்டர்தான் முகவரி கொடுக்கிறது. அதில் பூட் அமைப்பு எதுவுமே இல்லை. இன்னொரு டிஎச்சிபி சர்வர் வைக்கலாமா?

வேண்டாம், இரண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கினால் குழப்பம்தான். டிஎன்எஸ்மாஸ்க் நிரலைப் 'ப்ராக்ஸி' முறையில் ஓட்டுங்கள். ரவுட்டர் முகவரியைக் கொடுக்கும், இது பூட் தகவலை மட்டும் கொடுக்கும்.

கேள்வி: பழைய கணினிகள் பூட் ஆகின்றன, புதியவை அதே ஃபைலை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல் பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. ஒன்றின் பூட்லோடர் மற்றதற்கு ஆகாது. கேட்கும்போதே கணினி 93-ஆம் டிஎச்சிபி ஆப்ஷனில் தன் வகையைச் சொல்லும்: பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. அதைப் பார்த்து ஃபைலைப் பிரித்துக் கொடுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கினால், டிஜிட்டல் கையொப்பமிட்ட பூட்லோடரைத்தான் அது ஏற்கும்.

கேள்வி: 30 கணினிகளை ஒரே நேரத்தில் ஆன் செய்தால் ஆமை வேகம். சர்வரை மாற்றணுமா?

முதலில் டிஎஃப்டிபி-யைக் கவனியுங்கள். அது இயல்பாக 512 பைட் அனுப்பும், "வந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும், அப்புறம்தான் அடுத்த 512. 60 எம்பி ஃபைலுக்கு இப்படி 1,22,880 முறை. ஒரு தடவைக்கு ஒரு மில்லி விநாடி என்றாலே இரண்டு நிமிடம். ஆகவே டிஎஃப்டிபி-யில் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட்லோடரை மட்டும் இறக்குங்கள். கர்னலும் மற்றதும் எச்டிடிபி-யில் வரட்டும்.

அதன் பிறகும் ஒரு கணக்கு இருக்கிறது. கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி போகும் என்று வையுங்கள். 30 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 4 எம்பி-கூட இல்லை. எல்லோரும் ஒரே ஃபைல்களைப் படிப்பதால் சர்வர் அவற்றை ரேமிலிருந்தே கொடுத்துவிடும், டிஸ்க் பெரிதாகத் திணறாது. அடைப்பு கேபிளில்தான். சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு 10 கிகாபிட் போட முடிந்தால் போடுங்கள்.

கேள்வி: எல்லாக் கணினிகளுக்கும் ஒரே ரூட் ஃபோல்டர் என்றால், ஒவ்வொன்றும் எழுதுவது எங்கே போகும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பூட் ஆக வைப்பது ஒரு நாள் வேலை. எழுத்து எங்கே போகிறது என்பதுதான் வருடக்கணக்கில் படுத்தும்.

நான் செய்வது இது. பொது ரூட்டைப் படிக்க மட்டும் திறப்பேன். அதன் மேல் ஓவர்லேஎஃப்எஸ் என்ற மேலடுக்கைப் போட்டு, எழுதுவதெல்லாம் அந்தந்தக் கணினியின் ரேமில் விழச் செய்வேன். 2014-ல் வந்த 3.18 பதிப்பு முதல் இது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. அணைத்தால் எல்லாம் அழிந்து, மறுநாள் புத்தம்புதிதாக எழும். பயனர்களின் ஃபைல்கள் தனி என்எஃப்எஸ் ஃபோல்டரில் இருக்கும்.

நடப்பதைப் பதிவு செய்யும் லாக் ஃபைல்களும் ரேமில்தான் சேரும். பத்து நாள் அணைக்காமல் ஓடும் கணினி ஏனோ மூச்சுத்திணறினால் அங்கே பாருங்கள், லாக்குகளை சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். கணினியின் தனி அடையாள எண் இருக்கும் மெஷின் ஐடி ஃபைலைப் பொது ரூட்டில் காலியாக வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கணினிக்கும் ஒரே அடையாளம்.

கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரில் போய் அந்தப் பொது ரூட்டை அப்டேட் செய்யாதீர்கள். ஓவர்லேயின் அடித்தளம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. தேதி போட்ட புதுப் பிரதி எடுத்து, அதில் அப்டேட் செய்து, அடுத்த பூட்டில் அதைக் காட்டுங்கள். சொதப்பினால் பழைய தேதிக்குத் திரும்பிவிடலாம்.

கேள்வி: ஸ்வாப்பை நெட்வொர்க்கில் வைக்கலாமா சார்?

முடியும், ஆனால் நான் வைப்பதில்லை. ரேம் தீரும்போது அதிலுள்ளதை ஒதுக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப். நெட்வொர்க்கில் அனுப்பவும் கொஞ்சம் ரேம் வேண்டும். சிக்கல் புரிகிறதா? ரேமிலேயே தகவலைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடுங்கள், அல்லது ரேமைக் கூட்டுங்கள்.

கேள்வி: விண்டோஸ்?

ஐபிஎக்ஸ்இ மூலம் ஐஸ்கசி வட்டிலிருந்து (சர்வரில் இருந்தபடி நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க்போல் தெரியும் வட்டு) பூட் செய்யலாம். ஒவ்வொரு கணினிக்கும் தனி வட்டு வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள ஒரே வட்டில் இரண்டு கணினிகள் எழுதினால் அது நாசம்.

கேள்வி: நடுவில் சர்வர் நின்றுபோனால் எல்லாம் போச்சா?

என்எஃப்எஸ்ஸை 'ஹார்ட்' முறையில் இணைத்திருந்தால் நிரல்கள் உறைந்து நிற்கும், சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'சாஃப்ட்' முறையில் பாதி எழுதிய ஃபைலோடு பிழை காட்டிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத கணினி என்றால், மொத்த ரூட்டையும் ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலாகச் சுருக்கி பூட்டின்போதே ரேமுக்குள் இறக்கிவிடுங்கள். ரேம் செலவு அதிகம்தான். ஆனால் அதன் பிறகு, பயனர் ஃபைல்களைத் தவிர வேறெதற்கும் அது சர்வரைத் தேடாது.