எக்கோவில் 45 என்றால் இதயக் கோளாறா?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குக் கடும் நிமோனியா, ஐசியூவில் நான்காம் நாள். எக்கோ எடுத்ததில் நுரையீரல் தமனி அழுத்தம் 45 என்று வந்திருக்கிறது. “இதயத்தில் கோளாறா டாக்டர்? தொடை வழியாக இதயத்துக்குள் டியூப் விட்டு அளந்தால்தான் சரியாகத் தெரியும், உடனே வேறு ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று வெளியில் ஒருவர் சொல்கிறார். போகலாமா?”

அந்த எண்ணுக்காக மட்டும் என்றால் வேண்டாம் அம்மா.

நுரையீரலில் சளி அடைத்த இடத்துக்குக் காற்று போகாது. அங்கே ரத்தத்தை அனுப்பிப் பயனில்லை என்று அந்த இடத்து ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கிவிடும். இது உடம்பின் சாமர்த்தியம்தான். ஆனால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால் நிறையக் குழாய்கள் சுருங்கி, இதயத்தின் வலது பக்கம் முக்கித் தள்ள வேண்டிவரும். அழுத்தம் ஏறுவது அதனால். இதற்கு முதல் மருந்து ஆக்சிஜன். நிமோனியா இறங்கினால் பெரும்பாலும் இதுவும் இறங்கும். எக்கோ பார்த்தவரிடம் “இதயத்தில் ஓட்டை ஏதும் இல்லையே?” என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 45 நேராக அளந்ததல்ல, ஒரு கணக்கு. இதயத்தின் வலது வால்வில் பின்பக்கம் கசியும் ரத்தத்தின் வேகத்தைப் பார்த்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கி, மேலே ஐந்தோ பத்தோ சேர்ப்பார்கள். ஐந்து சேர்த்தால், வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 41. அதே வேகம் 3.3 என்று விழுந்தால் 49! குழந்தை வீறிட்டு அழுதாலும், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எடுத்தாலும் எண் ஏறும். குழந்தை அழுததா, ஆக்சிஜன் எவ்வளவு ஓடியது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத நம் ஆட்களுக்குக் கை வராது. அப்பா பெயரை மட்டும் மூன்று இடத்தில் கேட்பார்கள்.

டாக்டர்கள் 45ஐத் தனியாகப் பார்ப்பதில்லை. குழந்தையின் சாதாரண பிபியில் மேல் எண் 90 என்றால் இது பாதி. அந்த 90ஐ நெருங்க நெருங்கத்தான் பயம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 92க்குக் கீழே போகிறதா, ஈரல் வீங்குகிறதா, சிறுநீர் குறைகிறதா, வலது இதயம் பெருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எக்கோவைத் திரும்ப எடுப்பார்கள். தொடை வழியாக டியூப் விடுவதற்கு மயக்க மருந்து வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தையிடம் அந்த விளையாட்டு கூடாது.

இப்போது அந்த ‘வெளியில் ஒருவர்’. ஐசியூ வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, “எனக்குத் தெரிஞ்ச ஹார்ட் டாக்டர் இருக்கார்” என்பாரே, அவர்தான். கமிஷன் ஆள். இப்படிக் கிளம்பிய ஒரு குழந்தை என்னிடம் நீலமாக வந்து சேர்ந்தது. பாதி வழியிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் முள் சிவப்புக்கு இறங்கியிருக்கிறது, வண்டியில் மாற்று சிலிண்டர் இல்லை. உங்கள் டாக்டரே அனுப்பினால் சரி, போங்கள். ஆனால் அவர் அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசிப் படுக்கையை உறுதி செய்த பிறகு. ஏறும் முன் சிலிண்டர் முள்ளை நீங்களே பாருங்கள். 108ஐக் கூப்பிட்டாலும்தான்.

“அழுத்தத்துக்கு சில்டெனாஃபில் கொடுக்கலாமே” என்றும் யாராவது சொல்வார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து அது. சளி அடைத்த பகுதிக்கும் ரத்தத்தைத் திறந்துவிட்டு ஆக்சிஜனை இன்னும் இறக்கலாம். ஐசியூ டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் விதிவிலக்காகச் சொல்ல வேண்டும்: கக்குவான். உங்கள் குழந்தைக்கு அல்ல, இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தைகளுக்கு. வெள்ளணுக்கள் தாறுமாறாக ஏறி நுரையீரல் குழாய்களை அடைக்கும், ஆக்சிஜன் கொடுத்தும் அழுத்தம் இறங்காது. அங்கே மணிக்கணக்கு முக்கியம், உடனே பெரிய ஆஸ்பத்திரிதான். இருமிக்கொண்டே தொட்டிலில் குனிந்து கொஞ்சும் பெரியவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் ஒட்டுகிறது. கக்குவானைத் தடுக்கும் ஆறாவது வாரத்து ஊசியை “சளியா இருக்கே” என்று தள்ளிப்போடுவார்கள், சில இடங்களில் சிஸ்டர்களே! லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரம் கழித்து, குழந்தை தூங்கும்போது இன்னொரு எக்கோ எடுங்கள். அப்போதும் 45 என்றால் எனக்கு எழுதுங்கள், அது வேறு கதை.