பழைய மைனரில் பருத்தித்துறையில் இருந்து தெவிநுவரைக்கு: கேள்வி பதில்

தொண்டுக்குக் காசு சேர்க்க, மலிவாய் எடுத்த 1098 சிசி மொறிஸ் மைனரில் நாட்டின் வட முனையில இருந்து தென் முனைக்கு ஓட வெளிக்கிடுற ஆக்கள் கேட்டவை இவை. யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதி 321 கி.மீ. தம்புள்ளை வரைக்கும் கார் தானாய் ஓடும். மாத்தளை தாண்டின ஏற்றமும், கண்டிக்குப் பிறகு வாற கடுகண்ணாவை இறக்கமும்தான் சோதனை.

கொக்குவில்: அண்ணை, கையில மிச்சம் கொஞ்சக் காசுதான். முதல் எதில போடுறது?

பிரேக், முன் சில்லு ட்றனியன், றேடியேற்றர், ரயர். இந்த ஒழுங்கிலதான். பெயின்ற் அடிக்கிற காசு இருந்தால் அதையும் பிரேக்கிலேயே போடுங்கோ.

சாவகச்சேரி: ட்றனியன் எண்டு எல்லாரும் பயப்படுத்துறீங்கள். அப்பிடி என்ன?

மைனரின் முன் சில்லைத் தாங்குற தண்டு புரியால பூட்டி நிக்கிற மூட்டு அது. கிறீஸ் காய்ஞ்சால் புரி தேயும், ஒருநாள் தண்டு கழண்டு சில்லு மடிஞ்சு விழும். அனேகமாய் றிவேர்ஸ் எடுக்கேக்க அல்லது ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டேக்கதான் நடக்கும், ஆனால் 60இல போகேக்கயும் நடக்கலாம். ஜாக்கி போட்டுச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஒராள் உள்பக்கம் குனிஞ்சு ரோர்ச் அடிச்சுப் பார்க்கட்டும். பேரிங் ஆட்டமெண்டால் பிரேக்கை மிதிக்க நிண்டுபோம். மிதிச்ச பிறகும் ஆடினால் ட்றனியன்தான்.

கிறீஸ் அடிக்கிறதும் சில்லைத் தூக்கி வைச்சுத்தான். காரின்ர பாரம் ஏறி நிண்டால் கிறீஸ் ஒரு பக்கத்தாலதான் போம். கறுத்த பழைய கிறீஸ் வெளிய வந்து, புதுசு தெரியிற வரைக்கும் அடியுங்கோ. பக்கத்துக்கு மூண்டு கிறீஸ் அடிக்கிற நிப்பிள்: மேல் ட்றனியன், கீழ் ட்றனியன், ஸ்ரியறிங் முனை. கீழ் நிப்பிளில சேறு அடைஞ்சு கிடக்கும், அதைத்தான் கராஜ் பெடியள் விட்டிட்டுப் போறது.

மானிப்பாய்: ஐயா, எங்கட கார் சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடினது. எஞ்சின் தாங்குமோ?

போத்தலில இருந்து துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடின கார்கள் இஞ்சை இன்னும் எத்தினையோ ஓடுது. மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. மிச்சம் பிஸ்ரன் றிங்கால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிஸ்ரன் தலையில கரி கட்டும். அதால கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அமுக்கம், பாருங்கோ. எஞ்சின் சூடாய் இருக்கேக்க நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சு, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜ் வைச்சு எஞ்சினை ஐஞ்சாறு சுத்து சுத்துங்கோ. நாலுக்கும் இடையில 10–15 வீதத்துக்கு மேல வித்தியாசம் கூடாது. குறைஞ்சதுக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கோ. ஏறினால் றிங், ஏறாட்டி வால்வு. வால்வெண்டால் ஹெட் கழற்றுங்கோ, கரியும் அப்பவே போம்.

கைதடி: றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடலாமோ?

வேண்டாம். சுண்ணாம்புக்கல் மண்ணில ஊறின தண்ணி அது. கேத்திலுக்குள்ள பிடிக்கிற வெள்ளைப் பொருக்கைப் பாருங்கோ, அதேதான் ஓட்டைக்குள்ளயும். கொதிக்குதெண்டு ஆக்கள் ஃபானையும் தண்ணிப் பம்பையும் மாத்துவினம், உள்ளே அடைச்சுக் கிடக்கிறது பொருக்கு. றேடியேற்றரைக் கழற்றி, தலைகீழாய்ப் பிடிச்சு ஹோஸ் தண்ணியைக் கீழிருந்து மேலுக்கு விடுங்கோ. பிறகு மழைத்தண்ணி அல்லது பற்றரிக்கு விடுற தண்ணி, சுமார் 5 லீற்றர். கொதிச்சு நிண்டால் மூடியைத் தொடாதேங்கோ. அரை மணித்தியாலம் பொறுங்கோ.

தெல்லிப்பழை: பிரேக் பெடல் கீழ போகுது, இரண்டு தரம் மிதிச்சால் பிடிக்குது.

முதல் அட்ஜஸ்ற். முன் சில்லு ஒண்டுக்கு இரண்டு அட்ஜஸ்ரர், பின் சில்லுக்கு ஒண்டு. முன்னுக்கு ஒண்டை மட்டும் திருப்பிவிட்டு வாறதுதான் வழக்கமான பிழை. ட்றம் இறுகி நிக்கிற மட்டும் திருப்பி, ஒரு கிளிக் பின்னுக்கு விடுங்கோ. அப்பவும் பெடல் இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டர். அது சாரதியின் கால் தகட்டுக்குக் கீழ கிடக்கு, பாயைத் தூக்கிப் பாருங்கோ. ரப்பர் மாத்தேக்க பெற்றோலிலயோ மண்ணெண்ணெயிலயோ கழுவாதேங்கோ, ரப்பர் ஊதிப் பிரேக் இறுகும். பிரேக் ஒயிலால மட்டும் கழுவுங்கோ.

ஒயில் பழசெண்டால் ஈரம் இழுத்திருக்கும், கடுகண்ணாவையில கொதிச்சுக் குமிழி கட்டிப் பெடல் பஞ்சாகும். புதுசு விட்டு நாலு சில்லிலயும் காத்து எடுங்கோ. இறக்கம் முழுக்க இரண்டாம் கியர். மைனரில ஒரே பிரேக் லைன்தான்: ஒரு குழாய் வெடிச்சால் மிஞ்சிறது ஹான்ட் பிரேக் மட்டும்.

நெல்லியடி: ஓடிக்கொண்டிருக்க நிண்டுபோச்சு. பெற்றோல் இருக்கு.

தம்பி, சுவிச்சைப் போட்டுக் காது குடுங்கோ. பெற்றோல் பம்ப் டிக் டிக்கெண்டு அடிச்சு நிண்டால் அது சரி. விடாமல் அடிச்சால் எங்கயோ காத்து இழுக்குது. சத்தமே இல்லாட்டி பம்பின் பொயின்ற் ஒட்டிப் போச்சு, ஸ்குறூ ட்றைவர் பிடியால மெல்லத் தட்டுங்கோ. பம்ப் சரியெண்டால், பிளக்குகளுக்குப் பொறி பிரிச்சுக் குடுக்கிற டிஸ்றிபியூற்றரின் கொண்டென்சர். புதுக் கொண்டென்சர் பெட்டியில இருந்தே செத்து வாறதுண்டு. வாங்கினதைக் காரில போட்டு ஒரு கிழமை ஓடிப் பார்த்து, பழசை ஸ்பெயராய் வையுங்கோ. டிஸ்றிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.4 மி.மீ.

தாங்கி 6½ கலன், சுமார் 29 லீற்றர். லீற்றருக்கு 12 கி.மீ. எண்டு கணக்குப் போடுங்கோ. ஆனால் அடியில கறள் கிடக்கு, பாதிக்கு இறங்கினதும் திரும்ப நிரப்புங்கோ.

திருநெல்வேலி: போன் சார்ஜர் பூட்டினதும் பியூஸ் போகுது.

தங்கச்சி, மைனர் பொசிற்றிவ் எர்த். காரின் உடம்பே பொசிற்றிவ், சார்ஜர் நினைக்கிறது மறுதலை. பவர் பாங்க் கொண்டு போங்கோ. டைனமோ 22 அம்பியர்தான், ஹெட்லைற்றும் வைப்பரும் ஓடேக்க மிச்சமில்லை. இரவில ஓடவே வேண்டாம், யானை நிக்கிற றோட்டு அது.

உடுவில்: முடிவில காரை ஏலம் விடலாமோ?

பிளிமத்தில இருந்து காம்பியாவின் பஞ்சூலுக்குப் போற ஓட்டத்தில அப்பிடித்தான், கார்களை ஏலம் விட்டு உள்ளூர்த் தொண்டுக்குக் குடுப்பினம். இஞ்சை பதிவுப் புத்தகம் உங்கட பேரில இல்லாட்டி ஏலம் எடுத்தவர் வழக்குக்குப் போவார். பேர் மாத்தினதும், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூண்டும் சரி எண்டதும் கையில வந்த பிறகு நோட்டீஸ் அடியுங்கோ.