திறக்கவே பத்து நிமிடம்: பர்மாவின் மோல்மேன் நகர நண்பருக்கு

வணக்கம் ஐயா. வீட்டுக் கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், வைரஸாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வைரஸ் மேல் சந்தேகம் இல்லை. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு (கணக்குப் போடும் சிப்) சும்மா கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதுதான்: திணறுவது டிஸ்க்.

நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவது உங்களுக்குத் தெரியாததா? டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையும், டிஸ்க்கே கெட்டும் போகலாம். ரங்கூனில் என் வீட்டில் ஒன்று அப்படித்தான் போனது, தங்கை கல்யாணப் படங்களோடு. இன்றைக்கும் அவளிடம் திட்டு வாங்குகிறேன். அதனால் முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். நலம் என்று நீலம் காட்டினாலும் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாற்றுவதே என் யோசனை. பழைய ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டு நொடிக்கு 100 முதல் 150 எம்பி படித்தால், இது 500ஐத் தொடும். சின்னச் சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. விண்டோஸ் திறக்கும்போது பெரும்பாலும் அந்த வேலைதான் நடக்கிறது. 240 ஜிபி போதும். கையில் காசு மிஞ்சினால் ராமை 8 ஆக்கலாம்.

கணினியை 'வேகப்படுத்தும்' கிளீனர் மென்பொருள் எதுவும் வேண்டாம், அவையே பாரம். சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், எஸ்எஸ்டிக்கும் திடீர் மின்வெட்டு ஆகாது.