மச்சானோடு மல்லுக்கு நிற்கும் முன் ஒரு நோட்டும் பேனாவும்

கேள்வி: நானும் என் மச்சானும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பைத்தியங்கள். அவர் லெப்ரான் ஜேம்ஸ் கட்சி, நான் ஸ்டெஃப் கர்ரி கட்சி. கர்ரியின் வாரியர்ஸை லெப்ரானின் கேவலியர்ஸ் 4-3 என்று வென்ற 2016 இறுதித் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும். "73 மேட்ச் ஜெயிச்ச டீம், 3-1 முன்னிலை வேற, அதுக்கப்புறமும் உங்க ஆளு சொதப்பிட்டாரே" என்பார். "எங்க டீம் டிரேமண்ட் கிரீனைத் தடை போட்டு உட்கார வைக்காம இருந்திருந்தா அஞ்சாவது மேட்ச்சிலேயே கதை முடிஞ்சிருக்கும்" என்பேன். வரும் விடுமுறையில் ஏழு ஆட்டங்களையும் மறுபடி முழுதாகப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு நட்சத்திர ஆட்டக்காரரை எப்படி எடைபோடுவது?

பதில்: முதலில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 610. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எடுத்திருந்த மொத்தப் புள்ளிகள் 610. கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் எடுத்ததும் அதே 610. ஏழாவது ஆட்டத்தில் 4 நிமிடம் 39 விநாடி மீதி இருக்கையில் 89-89. அதாவது தொடர் முழுவதற்குமாக 699-க்கு 699. இப்படித் தராசு முள் நடுவில் நின்ற தொடரை ஒரே ஆள் சொதப்பியதால் தோற்றார்கள் என்பதும் சரிப்படாது, ஒரே ஒரு தடை உத்தரவால் தோற்றார்கள் என்பதும் சரிப்படாது. ஆனால் உங்கள் இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பிரித்தெடுக்கலாம்.

கிரீன் விவகாரம் எளிது, அதை முதலில் முடித்துவிடுவோம். பிளேஆஃபில் (லீக் சுற்றுக்குப் பின் வரும் நாக்-அவுட் தொடர்களில்) 'ஃபிளேக்ரன்ட்' என்ற முரட்டு ஃபவுலுக்குத் தனிக் கணக்கு உண்டு. முதல் வகைக்கு 1 புள்ளி, கடுமையான இரண்டாம் வகைக்கு 2. மொத்தம் 3-ஐத் தாண்டினால் அடுத்த ஆட்டம் தானாகவே தடை. ஹூஸ்டன் தொடரில் மைக்கேல் பீஸ்லியைக் கீழே தள்ளியதற்கு 1, ஒக்லஹோமா சிட்டி தொடரில் ஸ்டீவன் ஆடம்ஸை உதைத்ததற்கு 2 என்று மூன்றையும் நிரப்பிக்கொண்டுதான் கிரீன் இறுதித் தொடருக்கே வந்தார். நான்காவது ஆட்டத்தில் தன்னைத் தாண்டிப் போன லெப்ரானை நோக்கிக் கையை வீசினார். ஆட்டம் முடிந்தபின் லீக் அதை முதல் வகை ஃபவுலாக அறிவித்தது. நான்காவது புள்ளி விழுந்தது. அந்தக் கைவீச்சுக்கு மட்டும் கிடைத்த தண்டனை அல்ல அது. மூன்று தொடர்களில் சேர்ந்த கடன்.

கிரீன் இல்லாத ஐந்தாவது ஆட்டத்தில் கிளீவ்லண்டின் லெப்ரான் 41, கைரி இர்விங் 41 எடுத்து 112-97 என்று வென்றார்கள். ஒரே அணியின் இருவர் ஓர் இறுதி ஆட்டத்தில் 40-ஐத் தொட்டது அதுவே முதல் முறை. மூன்றாம் குவார்ட்டரில் வாரியர்ஸின் ஆண்ட்ரூ போகட் முழங்காலில் அடிபட்டு, தொடரிலிருந்தே விலகினார். வளையத்தைக் காக்கும் இருவரும் இல்லாத அன்று லெப்ரானும் இர்விங்கும் உள்ளே புகுந்து விளையாடியதில் வியப்பில்லை. எனவே ஐந்தாவது ஆட்டத்துக்கு உங்கள் வாதம் நிற்கும். அதற்கு மேல் நிற்காது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் கிரீன் திரும்பிவிட்டார். ஏழாவதில் 32 புள்ளி, 15 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பிடித்த பந்து), 9 அசிஸ்ட் (கூடைக்கு வழி செய்த பாஸ்). அன்று இரண்டு அணியிலும் சேர்த்து நன்றாகச் சுட்டவர், அதாவது கூடைக்கு எறிந்தவர், அவர்தான். அந்த ஆட்டம் நடந்தது ஓக்லண்டில், வாரியர்ஸின் சொந்த அரங்கில்.

இனி கர்ரி. உங்கள் மச்சான் சொல்லும் 'சொதப்பல்' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. அது நடந்ததைச் சொல்லுமே தவிர ஏன் நடந்தது என்று சொல்லாது. லீக் சுற்றில் சராசரி 30.1 புள்ளி, 402 த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை), ஒருமனதாக எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆன முதல் ஆள். இறுதித் தொடரில் சராசரி 22.6. இந்த இறக்கத்துக்குப் பின்னால் ஏப்ரலில் ஹூஸ்டன் தொடரில் சுளுக்கிய வலது முழங்கால் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால் மச்சான் விடமாட்டார், விடவும் கூடாது. அந்தக் காலோடுதான் போர்ட்லண்டில் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே 40 புள்ளி எடுத்தார், அதில் 17 கூடுதல் நேரத்தில். மிச்சக் காரணம் கிளீவ்லண்ட் போட்ட திட்டத்தில் இருக்கிறது. நீங்கள் நோட்டு வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியது அதைத்தான்.

திட்டம் இதுதான். கர்ரி யாரைக் காக்கிறாரோ அந்த ஆளை வரவழைத்து, லெப்ரானுக்கோ இர்விங்குக்கோ ஸ்க்ரீன் போடச் சொல்வார்கள், அதாவது காப்பவரின் வழியில் சுவராக நிற்கச் சொல்வார்கள். ஸ்க்ரீனில் காக்கும் ஆள் மாறும். கர்ரி இப்போது லெப்ரான் முன்னாலோ இர்விங் முன்னாலோ தனியாக நிற்பார். புள்ளி வந்தால் லாபம். வராவிட்டாலும் கர்ரி ஓடியிருக்கிறார், முட்டியிருக்கிறார், ஃபவுல் வாங்கும் ஆபத்தில் நின்றிருக்கிறார். ஆறாவது ஆட்டத்தில் அது பலித்தது: ஆறு ஃபவுலோடு வெளியேறி, வாய்க்கவசத்தைக் கழற்றி எறிந்து, 25,000 டாலர் அபராதமும் கட்டினார். ஏழாவதில் 53 விநாடி இருக்கையில் இர்விங் போட்டாரே, கோப்பையையே முடிவு செய்த அந்த த்ரீ பாயிண்டர், அதிலும் இர்விங்கை முதலில் காத்தவர் கிளே தாம்சன். கிளீவ்லண்டின் ஜே.ஆர். ஸ்மித் வந்து ஸ்க்ரீன் போட்டார், கர்ரி மாறி வந்து நின்றார். ரசிகர்கள் எறிந்த கையையே பார்த்தார்கள். அந்த எறிதலுக்கு வழி பண்ணியது ஸ்மித்தின் ஸ்க்ரீன்.

ஆகவே நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: நேரம், பந்து யார் கையில், ஸ்க்ரீனுக்கு முன் காத்தவர், ஸ்க்ரீனுக்குப் பின் காத்தவர், முடிவு. ஏழு ஆட்டத்துக்கும் இதைச் செய்யாதீர்கள், மூன்றாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஆட்டங்களின் நான்காம் குவார்ட்டர் மட்டும் போதும். பன்னிரண்டு நிமிட ஆட்டம்தான், ஆனால் நிறுத்தி நிறுத்தி எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதில் முதல் தடவை பார்ப்பவர் எல்லோரும் தவறுவது ஓர் இடத்தில். கண் பந்தின் பின்னாலேயே போய்விடும். கர்ரி மாதிரி ஆட்டக்காரரின் பாதி வேலை பந்து இல்லாதபோது நடக்கிறது. அவர் மூலையை நோக்கி ஓடினால் இரண்டு பேர் பின்னால் ஓடுவார்கள், நடுவில் வேறொருவருக்கு வழி திறக்கும். இது புள்ளிப்பட்டியலில் எங்கேயும் வராது. அதனால் அதே குவார்ட்டரை இரண்டாம் முறை ஓட்டி, கர்ரியை மட்டும் பாருங்கள். அப்போது இன்னொன்றும் கண்ணில் படும்: அந்த வழி திறந்தபோது அங்கே நின்றவர் யார், போட்டாரா? கடைசி மூன்று ஆட்டங்களில் வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸ் 32 முயற்சியில் 5 போட்டார். கர்ரி மீதான கோபத்தில் கொஞ்சம் இந்தக் கணக்கில் எழுத வேண்டியது. அதற்காகக் கர்ரியைக் கழுவிவிடவும் முடியாது. ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுத்து, பந்து நேராகக் கோட்டுக்கு வெளியே போனதே, அது எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வராது. அது அவர் கணக்குதான். கடைசி நிமிடத்தில் கிளீவ்லண்டின் கெவின் லவ் தன்னைக் காத்தபோது, வளையத்தருகே போய்ப் போடும் லே-அப்புக்குப் போகாமல் த்ரீயே தேடியதும் அப்படித்தான்.

சுட்ட கணக்கை எடைபோட, வெறும் புள்ளியை வைத்து வாதாடாதீர்கள். 'ட்ரூ ஷூட்டிங்' என்ற கணக்கு இருக்கிறது, பேனா இருந்தால் போதும். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) முயற்சிகளை 0.44-ஆல் பெருக்குங்கள். அதை ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் போக்கில் எறியும் கூடை) முயற்சிகளோடு கூட்டி, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். எடுத்த புள்ளியை அதால் வகுத்தால் விடை. ஏன் அரை இல்லாமல் 0.44? கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்கான ஃப்ரீ த்ரோ, மூன்று எறியும் சந்தர்ப்பம் எல்லாம் உண்டு. எல்லா ஃப்ரீ த்ரோவும் ஜோடியாக வந்து ஒரு முயற்சியைத் தின்பதில்லை.

ஏழாவது ஆட்டத்தையே போட்டுப் பாருங்கள். லெப்ரான் 24 முயற்சி, 10 ஃப்ரீ த்ரோ, 27 புள்ளி: 47.5 விழுக்காடு. கர்ரி 19 முயற்சி, 1 ஃப்ரீ த்ரோ, 17 புள்ளி: 43.7. இர்விங் 23 முயற்சி, 4 ஃப்ரீ த்ரோ, 26 புள்ளி: 52.5. கிரீன் 15 முயற்சி, 4 ஃப்ரீ த்ரோ, 32 புள்ளி: 95-க்கு மேல். அந்தப் பருவத்தில் லீக் சராசரி 54-ஐ ஒட்டி இருந்தது. ஆக, அன்று இரு பெரிய நட்சத்திரங்களும் சராசரிக்குக் கீழேதான் சுட்டார்கள். இதை மச்சானிடம் காட்டுங்கள், சற்று நேரம் வாய் திறக்கமாட்டார்.

சற்று நேரம்தான். ஏனென்றால் அடுத்து அவர் சொல்லப்போவது சரி. அதே ஆட்டத்தில் லெப்ரானுக்கு 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். 1 நிமிடம் 50 விநாடி இருக்கையில் வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவோடாலாவின் லே-அப்பைப் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையில் அறைந்து தடுத்தார். அதற்கு முன்னால் ஸ்மித் குறுக்கே வந்ததால்தான் இகுவோடாலா கையைச் சற்று மாற்ற வேண்டி வந்தது, அந்தத் தாமதத்தில்தான் லெப்ரான் எட்டிப் பிடித்தார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். (அந்த இரண்டு நிமிடத்தில் ஸ்மித் செய்த இரண்டு வேலைக்கும் யாரும் பேனர் கட்டவில்லை.) தொடர் முழுவதற்கும் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறித்தது), பிளாக் (எறிதலைத் தடுத்தது) ஐந்திலும் இரண்டு அணிகளையும் சேர்த்து முதலிடம் லெப்ரானுக்கு: 29.7, 11.3, 8.9, 2.6, 2.3. சுடுவது சரியாக வராத நாளில் வேறு நான்கு வேலை வைத்திருந்தவர் அவர். கர்ரியின் வேலை பெரும்பாலும் சுடுவதை நம்பியே இருந்தது. என் தீர்ப்பு கேட்டால், 2016-ல் மச்சான் பக்கம்தான். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

'பிளஸ்-மைனஸ்' எண்ணை மட்டும் ஓர் ஆட்டத்துக்கு வைத்துப் பேசாதீர்கள். ஓர் ஆள் களத்தில் இருந்தபோது அணி எவ்வளவு முந்தியது என்று சொல்லும் எண் அது, கூட நின்ற நால்வரின் கூலியும் அதில் சேர்ந்திருக்கும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் தீர்ப்பு எழுதுவதுதான் ரசிகர்களின் பெரிய வியாதி. இறுதித் தொடர் 2-2-1-1-1 என்ற வரிசையில் ஊர் மாறும். முதல் இரண்டும் ஓக்லண்டில்: 104-89, 110-77. கிளீவ்லண்ட் இரண்டையும் சேர்த்து 48 புள்ளியில் தோற்றபோது லெப்ரான் கதை முடிந்தது என்றார்கள். ஊர் மாறிய மூன்றாவது ஆட்டத்தை அவர்கள் 120-90 என்று வென்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடிபட்ட லவ் ஆடவில்லை, ரிச்சர்ட் ஜெஃபர்சன் தொடக்க அணியில் வந்தார், வேகம் கூடியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதற்கு எழுதிய பதில். நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் "இந்த ஆட்டத்தில் யார் எதை மாற்றினார்" என்று ஒரே வரி எழுதுங்கள், யார் பெரியவர் என்று எழுதாதீர்கள்.

இறுதித் தொடர் எம்.வி.பி. விருதைக் காட்டி மச்சான் மடக்கினால் 2015-ஐச் சொல்லுங்கள். அதை முடிவு செய்வது 11 ஊடகர்களின் வாக்கு. அந்த ஆண்டு இகுவோடாலாவுக்கு 7, தோற்ற அணியின் லெப்ரானுக்கு 4. சராசரி 26 புள்ளி எடுத்த கர்ரிக்கு ஒன்றுகூட இல்லை. லெப்ரான் 35.8 புள்ளி எடுத்தும் கிடைக்கவில்லை. தோற்ற அணியில் இருந்து அந்த விருதை வாங்கிய ஒரே ஆள் 1969-ல் ஜெர்ரி வெஸ்ட். கர்ரிக்கு அது 2022-ல் பாஸ்டனுக்கு எதிராகத்தான் கிடைத்தது. அங்கேயும் ஒரு வேடிக்கை: நான்காவது ஆட்டத்தில் 43 புள்ளி, ஐந்தாவதில் ஒன்பது த்ரீ எறிந்து ஒன்றும் விழவில்லை, ஆனாலும் வாரியர்ஸ் 104-94 என்று வென்றது. அன்று பாஸ்டனின் கண் கர்ரி மேலேயே இருக்க, வாரியர்ஸின் ஆண்ட்ரூ விகின்ஸ் 26 எடுத்தார். 2016-ல் பார்ன்ஸுக்குத் திறந்த அதே மாதிரி வழிதான். இந்த முறை அங்கே நின்றவர் போட்டார்.

விடுமுறைக்கு ஒழுங்கு இப்படி வையுங்கள். முதல் நான்கையும் சாதாரணமாகப் பாருங்கள், மாற்றங்களை மட்டும் குறியுங்கள். ஐந்தாவதில் நோட்டைத் திறங்கள். ஏழாவதின் நான்காம் குவார்ட்டரை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் குரல் ஏறும்போது நம் கண்ணும் அவர் சொல்லும் ஆளிடம் போய்விடும். இருவரும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள், பேச்சு ஆட்டம் முடிந்தபின். நீங்கள் லெப்ரானைக் குறியுங்கள், கர்ரியை மச்சானிடம் கொடுங்கள். அவரவர் ஆளை அவரவர் எழுதினால் தவறெல்லாம் நோட்டுக்கு வராது.