லிம்போசைட் 12%னு வந்தா சிடி4 டெஸ்ட் எடுக்கணுமா?
தம்பி, கீழக்கரைல வாப்பாவுக்கு அஞ்சு நாளா வைரல் காய்ச்சல், இருமல், ரிப்போர்ட்ல லிம்போசைட் 12, நியூட்ரோஃபில் 82 (ரெண்டும் வெள்ளையணு வகைங்க, சதவீதத்துல), மதுரை போய் சிடி4 சிடி8 (லிம்போசைட்லயே ரெண்டு வகைய எண்ணுற டெஸ்ட்) எடுக்கவான்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு வேணாம்.

சதவீதத்த விடுங்க, மொத்த வெள்ளையணு 5000னு போட்டிருக்கு, அதுல 12ன்னா 600, பெரியவங்களுக்கு 1000க்கு கீழன்னாலே கம்மிதான், 82ஐ 12ஆல வகுத்தா கிட்டத்தட்ட 7, கோவிட் தீவிரமானவங்களுக்கு இந்த ரேஷியோ கூடியும் சிடி4 சிடி8 ரெண்டும் குறைஞ்சும் இருந்தது உண்மைதான், ஆனா அது நிறைய பேர சேத்துப் பாத்தா தெரியுற போக்கு, ஒருத்தருக்கு ஜோசியம் சொல்லாது. ரிசல்ட் வந்தாலும் வைத்தியம் மாறப்போறதில்ல.

அதவிட முக்கியம், பிளட் குடுக்குறதுக்கு முன்னாடி மெடிக்கல்ல செட் மாத்திரை ஏதும் வாங்கிப் போட்டாரா? (நம்ம பக்கம் அதுதான முதல் வைத்தியம்!) அதுல டெக்ஸா மாதிரி ஸ்டீராய்டு இருந்தா அதுவே நியூட்ரோஃபில ஏத்தி லிம்போசைட்ட இறக்கிடும். மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, இன்னைக்கே காட்டுங்க.

விரல்ல ஆக்ஸிஜன் அளவு பாக்குற ஆக்ஸிமீட்டர் மாட்டுங்க, கை சில்லுனு இருந்தா தேச்சுட்டு. 94க்கு கீழ வந்தாலோ மூச்சு வாங்குனாலோ மதுரைக்கெல்லாம் ஓட்டாம நேரா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. இல்லன்னா ரெண்டு நாள் கழிச்சு சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட்) மட்டும் மறுபடி எடுத்து இங்க போடுங்க.