ஊராட்சித் துணைத் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை நின்றுவிடுமா?

தெருவிளக்கு கேட்டால் "துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்" என்கிறாராம் உங்கள் தலைவர். உண்மையா, சாக்கா என்று கேட்கிறீர்கள். இரண்டுமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவருக்கும் ஆகாவிட்டால் ஊர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிக் கையெழுத்துப் போட மறுத்தவன் நான். பங்கு கிடைக்காத கோபம் என்று யாராவது எழுதுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2019 டிசம்பர் தேர்தலில் உறுப்பினராகித் துணைத் தலைவரானேன். ஒரு கோடையில் குடிநீர்க் குழாய் பதித்ததற்கு பில் வந்தது. 120 மீட்டர் என்று போட்டிருந்தது. அந்தத் தெருவின் நீளம் எனக்குத் தெரியாதா? கொத்தனாரிடம் டேப் வாங்கி நானே அளந்தேன். 68 மீட்டர். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதே வாரம் மோட்டார் எரிந்துபோனது. மோட்டார் பில்லுக்கு உடனே போடுகிறேன் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்துப் போட்டால்தான் ஆயிற்று என்று தலைவர் நின்றார். பதினொரு நாள் தண்ணீர் இல்லை. காலிக் குடங்களோடு பெண்கள் வந்து நின்றது என் வாசலில், அவர் வாசலில் அல்ல. என் சொந்த அத்தையே "உன் நேர்மையைக் குடிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்து அளந்தார்கள். 74 மீட்டர். என் கணக்கும் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். 120 இல்லையே.

ஆகவே துணைத் தலைவரையும் நேரில் கேளுங்கள். கிராம சபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கட்டாயம் கூடும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் எங்கள் ஊரில் தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்தான். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனது.