கூஜாவும் வாளியும்

கேள்வி: ஊட்டியில் 12 அறை லாட்ஜ் நடத்துகிறோம். அதிகச் செலவில்லாமல் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, ஊட்டி

பதில்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2019லிருந்தே தடை. குன்னூரில் நான் லாட்ஜ் நடத்தியபோது அறைக்கு ஒரு எவர்சில்வர் கூஜா வைத்தேன். யாரும் தொடவில்லை. “எந்தத் தண்ணியோ!” என்ற சந்தேகம். அப்புறம் வடிகட்டும் மெஷினை வரவேற்பறையிலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினேன். அவர்களே வந்து பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது வெந்நீர். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் எண்பது, நூறு லிட்டர் போய்விடும். பெரிய வாளி நிறையப் பிடித்தாலும் இருபதுதான். ஷவரைக் கழற்ற வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். நல்ல வாளியும் சொம்பும் வையுங்கள், நம் ஊர்க்காரர்கள் தானாகவே அதற்குத்தான் போவார்கள். கெய்சர் தூரத்தில் இருந்தால் சூடு வருமுன் பச்சைத் தண்ணீர் வீணாக ஓடும். குழாயைச் சுருக்கி, மேலே உறை சுற்றச் சொல்லுங்கள். சோலார் போடலாம், ஆனால் ஜூலை மூடுபனியில் அதை மட்டும் நம்பினால் காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டுவார்கள்.

துண்டு, விரிப்பை தினமும் துவைக்காதீர்கள். ஊட்டி மழையில் அவை காய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?